இருபத்துநான்கில் இருவர்

1431, மே 20

இந்தக் குறிப்பேட்டைக் கொடுத்தவன் என் தம்பி ஆன்ஸோ. "அக்கா, உனக்குத் தினமும் யாரையாவது திட்டணும். நாங்க ரெண்டு பேரும் சண்டைக்குப் போனப்புறம் யார் கிடைப்பா? இதுல எழுதித் திட்டு" என்றான். தாள் நல்ல தாள்தான். எழுத என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி ஊரே அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன். போன ஆண்டு தன் கல்யாணத்தின்போது நம் டியூக் 'பொற்கம்பளி அணி' என்று ஒரு வீரர் அணியை ஏற்படுத்தினார். பர்கண்டி, ஃபிளாண்டர்ஸ் எல்லாவற்றையும் சலித்து இருபத்துநான்கு பேரைப் பொறுக்கினார். அந்த இருபத்துநான்கில் இருவர் என் வீட்டு ஆண்கள். ஒருவர் என் கணவர் தியெபோ, இன்னொருவன் ஆன்ஸோ. எங்களைவிடப் பத்து மடங்கு நிலம் வைத்திருக்கும் வீடுகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சமையல்காரி ஜிலெத், "கோழிகளுக்குக்கூட மனப்பாடம் ஆயிருச்சும்மா" என்கிறாள். ஆகட்டுமே.

மே 23

அணியில் சேர்ந்தவர்கள் தங்க மாலையைத் தினமும் கழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். மாலையின் நடுவில், இடுப்பில் கயிறு கட்டித் தூக்கியதுபோல ஒரு தங்கச் செம்மறி தொங்கும். தியெபோ குனிந்து சாப்பிடுகிறவர். செம்மறி தினமும் பட்டாணிக் கஞ்சியில் குளிக்கிறது. அதைத் துடைப்பது யார் என்று டியூக்கின் சட்டத்தில் இல்லை, ஆகவே நான் துடைக்கிறேன்.

போர்க்களத்துக்குப் போகும்போது மட்டும் கழற்றிவைக்கலாம். இன்று இருவரும் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். ஆன்ஸோவுக்கு இன்னும் மனைவி வாய்க்கவில்லை, அவனுடையதும் என் பெட்டியில்தான். நாளை காலை தெற்கே, எல்லை ஆற்றுப் பக்கம் போகிறார்கள். அணியைச் சேர்ந்தவர்களில் இந்தச் சண்டைக்குப் போவது இவர்கள் இருவர் மட்டும்.

சாப்பிடும்போது அணியின் சட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவரை அணியிலிருந்து நீக்க மூன்றே காரணங்கள்தான். வேதத்துக்கு விரோதமாக நடப்பது, டியூக்குக்குத் துரோகம் செய்வது, கொடியை விரித்த பிறகு களத்தைவிட்டு ஓடுவது. "மூணாவது உங்களுக்கு வராது அத்தான். உங்க குதிரை அவ்வளவு வேகமா ஓடாது" என்றான் ஆன்ஸோ. தியெபோ வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஜூன் 27

வெயில். பாலாடைக்கட்டி இரண்டு கெட்டுப்போயின. ஒரு செய்தியும் இல்லை.

ஜூலை 6

மதியம் தியெபோ வந்துவிட்டார். தனியாக.

சண்டை நான்காம் தேதி நடந்ததாம், தோற்றுவிட்டதாம். அங்கிருந்து இங்கே வர மூன்று நாள் ஆகும். இவர் இரண்டு நாளில் வந்திருக்கிறார். ஆன்ஸோ கேலி செய்தானே தவிர, குதிரை நல்ல குதிரைதான். கேடயத்தில் ஒரு கீறல் இல்லை. தேய்க்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டே அதை மூலையில் சாய்த்தேன். அப்போது தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆன்ஸோ விழுந்துட்டான்."

ஜூலை 7

இன்று ரொட்டி சுடவில்லை.

ஜூலை 19

ஆன்ஸோவுக்காகப் பூசை வைத்தோம். உடல் கிடைக்கவில்லை, வெறும் கறுப்புத் துணியை விரித்து வைத்துப் பாதிரியார் தண்ணீர் தெளித்தார். அவனை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவன் தலைக்குப் பேன் பார்த்த விரல்களால் அந்தத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டேன். நெஞ்சு எரிகிறது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சண்டைதான் முடிந்துவிட்டதே, மாலையைப் போடுங்கள் என்றேன். தியெபோ போடவில்லை. சட்டம் சட்டம்தான் என்று நானே போட்டுவிட்டேன். நுகத்தடியில் மாடு நிற்பதுபோல நின்றார்.

ஆகஸ்ட் 3

பிளம்ஸ் பறித்தோம். நான் ஏணியில் இருந்தேன், அவர் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேச அதுதான் வசதி போலிருக்கிறது.

"பெரோன், நான் ஓடி வந்துட்டேன்."

கூடையில் பழத்தைப் போட்டேன். "கொடி விரிச்சாச்சா அப்போ?" என்று கேட்டேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"விரிச்சாச்சு."

"யார் பாத்தா?"

"கூட வந்த கூலி வீரனுங்க அதுக்கு முன்னாடியே சிதறிட்டானுங்க. என் இடது பக்கம் ஆன்ஸோ மட்டும்தான். அத்தான்னு கத்திக் கூப்பிட்டான்."

"அவன் விழுந்ததைப் பாத்தீங்கதானே?"

"கூப்பிட்டது காதுல விழுந்தது. நான் திரும்பிப் பாக்கலை. என்னைக் கூப்பிட்டான் பெரோன், நான் போயிட்டேன்."

இறங்கி வந்து, அவர் கழுத்தில் மாலை கோணலாக இருந்ததைச் சரிசெய்தேன். பழம் மொத்தம் ஏழு கூடை.

ஆகஸ்ட் 5

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நவம்பர் முப்பது, புனித அந்திரேயா திருநாள், அணியின் முதல் சபை லில் நகரத்தில் கூடுகிறது. சபையில் வாய் திறக்க உரிமை அணியைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். அந்தச் சண்டைக்கு அணியிலிருந்து போனவர்கள் இருவர். ஒருவர் இவர்.

அடுத்து ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. செம்மறி சுத்தமாக இருக்கிறது. நேற்று நான் மாலையைத் துடைக்கக் கேட்டபோது, "எடுக்கணும்னா கழுத்தோட சேத்து எடுக்கட்டும்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இன்று காலை வைக்கோல் கொட்டகையில் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். குருவிக் கூடு என்றார்.

கொட்டகையிலிருந்த கயிறுகளை எல்லாம் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எலி கடிக்கிறது.

செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாள்

வெண்ணெய் எடுத்தோம். தியெபோ குளத்து மதகைப் பார்க்கப் போயிருந்தார். மதியம் தெற்கேயிருந்து ஒரு சுற்றுத் துறவி வந்து, அடுப்படியில் கால் காயவைத்தபடி, மேலங்கியின் மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

ஆன்ஸோவின் கையெழுத்து போல இருந்தது. போலத்தான். 'அக்கா, உயிரோடு இருக்கிறேன்' என்று தொடங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டைத் தலைவனிடம் கைதியாம். பொற்கம்பளி அணியின் வீரன் என்று சொன்னால், மாலை எங்கே என்று கேட்டுச் சிரிக்கிறானாம். கோபுரத்துக்கு அடியில், தண்ணீர் ஊறும் குழியில் வைத்திருக்கிறானாம். 'இவன் மருமகன் நம் டியூக்கின் சிறையில் இருக்கிறான். என்னை நம்பினால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வான், பனி விழுமுன் வந்துவிடுவேன். என் மாலையை அனுப்பு. இல்லையென்றால் அத்தானின் முத்திரையோடு ஒரு வரி போதும்.'

"உப்பு வண்டிக்காரங்க மூணு நாள்ல சந்தையிலேருந்து தெக்கே போறாங்க. அவங்ககிட்ட குடுத்தா சேந்துரும், தாயே" என்றார் துறவி. அவர் வடக்கே போகிறவர். ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கட்டிக்கொடுத்தேன்.

பிடிபட்டவர்களின் பெயரில் பொய்க் கடிதம் எழுதுகிற கயவர்கள் உண்டு. விசாரிக்காமல் எதையும் செய்யக்கூடாது. தியெபோவிடம் இப்போது சொன்னால் வீணாக ஆசை வளர்த்துக்கொள்வார்.

இரண்டு முறை என்னை அறியாமல் சிரித்தேன். ஜிலெத் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

செப்டம்பர் 16

மழை. சந்தைக்குப் போகிற பாதையில் சேறு அதிகம் என்கிறார்கள்.

செப்டம்பர் 17

உப்பு வண்டிகள் போய்விட்டன. மதியத்துக்கு மேல் பாதை நன்றாகக் காய்ந்திருந்ததாம்.

செப்டம்பர் 26

அணியின் பொருளாளரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஒரு வீரர் இறந்தால் அவருடைய வாரிசு மூன்று மாதத்துக்குள் மாலையைத் திருப்பி அனுப்ப வேண்டும், அது சட்டம். ஆன்ஸோ இறந்ததாகத் தியெபோ ஜூலையிலேயே எழுதிவிட்டார். வாரிசு நான் மட்டும்தான். அக்டோபர் நான்காம் தேதியோடு கெடு முடிகிறது.

அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவன் உயிரோடு இருப்பதாகச் சந்தேகம் என்று சொன்னால் டியூக் உடனே ஆள் அனுப்பி விசாரிப்பார். டியூக் அப்படிப்பட்டவர், தன் ஆட்களை விடமாட்டார். அக்டோபரிலேயே அவனைக் கொண்டுவந்துவிடுவார். நவம்பர் முப்பதுக்கு அவன் சபையில் உட்கார்ந்திருப்பான்.

எழுதிப் பார்த்தால் எல்லாம் நல்ல செய்தி போலத் தெரிகிறது.

செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாள்

காரியக்காரர் மர்த்தென் மாலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்பளித் துணியில் சுற்றி நானே தைத்துக் கொடுத்தேன். 'என் தம்பி களத்தில் மானத்தோடு விழுந்தான்' என்று உடன்கடிதம். தியெபோ வாசலில் நின்று பார்த்தார், பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 9

குளிர் தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு என் அறையில் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று ஜிலெத்திடம் சொல்லிவிட்டேன். "விறகு மலையாக் கிடக்கு, யாருக்குச் சேத்து வைக்கிறீங்க?" என்றாள். நெருப்பு இருந்தால் எனக்குத் தலைவலி வருகிறது.

அக்டோபர் 24

இன்னொரு தாள். இதை ஓர் ஊசி வியாபாரி கொண்டுவந்தான். எழுத்து வரிசை தவறிச் சரிந்து போகிறது. 'அக்கா, முதல் கடிதம் வரவில்லை என்று நினைக்கிறேன். கால் விரல்கள் மரத்துவிட்டன. அத்தான் நலமா? அவர் தப்பித்தாரா என்றுதான் முதலில் தெரிய வேண்டும்.'

தப்பித்தாரா என்று கேட்கிறான். அப்படியென்றால் பார்த்திருக்கிறான்.

மனம் கொஞ்சம் இளகியிருந்தது, அந்த வரியைப் படித்ததும் இறுகிவிட்டது. சபை முடியட்டும். இன்னும் முப்பத்தேழு நாள். சபை முடிந்த மறுநாள் முதல் வேலை இதுதான். தியெபோவின் முத்திரையை வாங்கி நானே கொண்டுபோவேன். அவன் முரட்டு உடம்புக்காரன், சின்ன வயதில் பனியில் செருப்பில்லாமல் விளையாடியவன். முப்பத்தேழு நாள் ஒன்றும் பெரிதில்லை. இவருக்கு அப்படி இல்லை. சபை கூடும் கோயில் சுவரில் ஒவ்வொரு வீரருக்கும் அவர் குலச்சின்னம் தீட்டிய பலகை தொங்கும், இவருடையதை எல்லோர் முன்னிலும் இறக்கினால் இவர் வீடு வந்து சேரமாட்டார். எனக்குத் தெரியும். ஒருவன் குழியில் இருக்கிறான், ஆனால் இருக்கிறான்.

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாள்

இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்டு வாசித்தார். என்னிடம் வந்து, "தம்பி பேரையும் சேத்துரலாமா?" என்றார். பயங்கரமாக இருமல் வந்துவிட்டது. வெளியே போய்விட்டேன். தியெபோதான் பெயரைச் சொன்னாராம்.

நவம்பர் 17

நாளை அவர் கிளம்புகிறார். சபையில் என்ன நடக்கும் என்பதை இன்று விவரமாகச் சொன்னார். வீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்க் கதவுக்கு அப்பால் நிற்க வேண்டும். அவர் வெளியே நிற்கும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் சத்தியம் செய்து, அவரிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிறகு உள்ளே கூப்பிட்டு, பாராட்டோ கண்டிப்போ முகத்துக்கு நேரே சொல்வார்கள். டியூக்குக்கும் விலக்கு இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது.

பெண்களுக்கு இது புதிதில்லை. ஒருத்தி எழுந்து போனதும் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள், சத்தியம்தான் செய்வதில்லை.

"உங்களைப் பத்திச் சொல்ல அங்க யாரும் இல்லை. தைரியமாப் போயிட்டு வாங்க" என்றேன்.

"அதுதான் பெரோன். யாருமே இல்லை" என்றார்.

புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

நவம்பர் 30

இன்று.

டிசம்பர் 11

வெறுங்கழுத்தோடு வந்தார்.

முற்றத்தில் குதிரையைவிட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டேன். இத்தனை மாதமாகத் தங்கம் உரசி உரசிக் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அடுப்படியில் உட்காரவைத்து, ஜிலெத்தை வெளியே அனுப்பினேன்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நான் வெளிய போய் நின்னேன். உள்ள கூப்பிட்டாங்க. உம்மைப் பத்தி நல்லதைத் தவிர எதுவும் கேக்கலை, இப்படியே இரும்னாங்க. எழுந்து வந்து கையைப் பிடிச்சாங்க."

"பிறகென்ன?"

"பூசையில இருபத்துநாலு மெழுகுவத்தி வச்சிருந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு. பேரைக் கூப்பிட்டதும் அவங்கவங்க போகணும். ஆன்ஸோ பேரையும் கூப்பிட்டாங்க. 'அவர் இறந்துவிட்டார்'னு ஒரு ஆள் பதில் சொன்னார். அவனோட மெழுகுவத்தியை மட்டும் ஏத்தலை. மாலை திரும்பி வந்தாச்சு, அதனால ஏத்தலை." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அதைப் பாத்துட்டு வந்து நிக்கிறவனைப் போய் நல்லவன்னு கையைப் பிடிக்கிறாங்க. நானே சொல்லிட்டேன். கொடி விரிச்சாச்சு, ஓடினேன், மச்சான் கூப்பிட்டான், திரும்பிப் பாக்கலைன்னு. எல்லாத்தையும்."

"மாலை போயிடுச்சே."

"மாலை போனா என்ன பெரோன். அது எனக்கு எப்பவோ போயிடுச்சு. அவன் செத்துட்டான், அதுக்கு நான் காரணம். அதோட ஒரு நல்ல பேரையும் வாங்கிக்கிட்டு எப்படி வீட்டுக்கு வர்றது?"

நான்கு மாதமாக இவர் மாலையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடப் பேசவில்லை. இந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிளம்ஸ் மரத்தடியிலிருந்தே ஆன்ஸோ, ஆன்ஸோ என்றுதான் சொல்லியிருக்கிறார். மாலை மாலை என்றவள் நான். அந்த மெழுகுவர்த்தியை ஏற்றாமல் நிறுத்தியதும் நான்தான். கம்பளியில் சுற்றி, தைத்து, அனுப்பினேன்.

கடிதங்கள் வந்தன. அவன் கையெழுத்து என்று முதல் எழுத்திலேயே எனக்குத் தெரியும். மறைத்தேன். இந்தச் சொல்லை எழுத எண்பத்தெட்டு நாள் ஆகியிருக்கிறது.

எடுத்துவந்து இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். தேதியைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை எழுதமாட்டேன்.

பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணீரும் மூக்கும் ஒழுக, "இருக்கான் பெரோன், அந்தப் பய உயிரோட இருக்கான்" என்று தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 12

விடிந்ததும் கிளம்பிவிட்டார். நான் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க முத்திரையை இனி எவன் மதிப்பான்? ஓடிப்போனவன்னு அணியே தள்ளிவச்சிருக்கு. ஆன்ஸோ செத்துட்டான்னு பூசையே வச்சாச்சு. அந்தக் கோட்டைக்காரன் காதுக்கு ரெண்டும் போயிருக்கும்."

"போயிருக்கட்டும். சமாதானமா இருந்தப்ப அவன்கூட ஈட்டிப் பந்தயம் ஆடியிருக்கேன், என் மூஞ்சி தெரியும். பேச்சை நம்ப வேணாம். எனக்குப் பேர்தான் இல்லை, கோட்டையும் நிலமும் இருக்கே. யாருன்னே தெரியாத ஒருத்தனை விட்டுட்டு என்னை வச்சுக்கன்னா, வேணாம்பானா?"

"அந்தக் குழியிலயா?"

கடிவாளத்திலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். முரட்டுத்தனமாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 25

கோயிலுக்குப் போகவில்லை. பனி.

1432, ஜனவரி 19

ஆன்ஸோ வந்துவிட்டான்.

தியெபோவின் குதிரையில் வந்தான். இறங்கத் தெரியவில்லை, மர்த்தென் தூக்கி இறக்கினார். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. தாடிக்குள் முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஜிலெத் அலறி அழுதாள். நான் அவனுக்குக் கால் கழுவிவிட்டேன், கஞ்சி காய்ச்சினேன், ஊட்டப் போனபோது கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"அத்தான் எங்கே?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

"நான் இருந்த இடத்துல." கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கயிறு கட்டி என்னை மேலே தூக்கினாங்க, அதே கயித்துல அவரைக் கீழே இறக்கினாங்க. நடுவுல கொஞ்ச நேரம் பேச விட்டாங்க. என் கடிதம் எதுவுமே டிசம்பர் வரைக்கும் உனக்கு வந்து சேரலைன்னு சொன்னார். வந்த மறுநாளே கிளம்பிட்டாராமே."

டியூக்கும் மற்ற வீரர்களும் உட்கார்ந்திருந்த சபையில் தன்னைப் பற்றி உண்மையைச் சொல்லி மாலையை இழந்த மனுஷன், குழியின் விளிம்பில் நின்று எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார்.

பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு கரண்டி கஞ்சி அவன் உள்ளே போகும்வரை பேசாமல்தான் இருந்தேன்.

"செப்டம்பர் பதினாலாம் தேதியே வந்துச்சுடா. ரெண்டாவது அக்டோபர்ல வந்துச்சு. ரெண்டும் என் பெட்டியிலதான் இருந்தது."

கரண்டி நின்றது. "ஏன்கா?"

"சபைக்கு நீ வந்தா, சத்தியம் பண்ணச் சொல்லிக் கேப்பாங்க. அத்தான் ஓடினதைச் சொல்லிடுவே. பலகையை இறக்குவாங்க. அவர் உயிரை விட்டுருவார்னு பயந்தேன். அதனால உன்னை அங்கேயே விட்டுட்டேன்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நின்றிருப்பேன். அவன் உதடு கோணியது, அழுகையா சிரிப்பா என்று தாடிக்குள் தெரியவில்லை.

"நான் எதைப் போய்ச் சொல்லுவேன்? நானும்தான்கா ஓடினேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. எடுத்து உள்ளே தள்ளினேன்.

"ஆத்துப் பக்கம் காலியா இருந்துச்சு. 'அத்தான், இந்தப் பக்கம் வாங்க, தப்பிச்சிரலாம்'னு கத்தினேன். அவருக்குக் கேக்கலை போல, மேட்டுப் பக்கம் போயிட்டார். எனக்குக் குதிரை சேத்துல மாட்டிக்கிச்சு. முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் பிடிபட்டேன். அவர் தப்பிச்சாரான்னு அதனாலதான் எழுதினேன். நீ என்னன்னு நினைச்சே?"

நான் என்ன நினைத்தேன் என்பது அக்டோபர் 24இல் இருக்கிறது.

"அத்தானுக்குத் தெரியுமா?"

"குழி வாசல்ல சொன்னேன். 'மாப்ளே, முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒரே பக்கமா ஓடியிருக்கலாமே'ன்னார். காவக்காரன் எங்களைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான், அப்படிச் சிரிச்சோம். உடனே கயித்தைக் கட்டிட்டாங்க."

அதன் பிறகு இருவரும் அழுதோம். அவன் நான்கு வயதில் அழுததுபோல வாயைத் திறந்து சத்தமாக அழுதான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நூற்று இருபத்தேழு நாள். இரண்டு விரல்கள். ஒரு மாலை. இப்போது அந்தக் குழியில் அவர். எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தெரியாமல் நான் மட்டும் எல்லோரையும் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 20

ஆன்ஸோ காலையில் எழுந்ததும் தாளும் மையும் கேட்டான். டியூக்குக்கு எழுதப் போகிறானாம். நானும் ஓடினேன், என் பலகையையும் இறக்குங்கள், அத்தானுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயம் வேண்டாம் என்று எழுதப் போகிறானாம். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. லில்லிலிருந்து வந்தபோது தியெபோவின் முகத்தில் இருந்த அதே தெளிவு.

மைக்கூட்டை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"எழுது. உயிரோட வந்துட்டேன்னு எழுது. மாலையைத் திருப்பிக் குடுங்கன்னு எழுது. ஓடினதைப் பத்தி ஒரு எழுத்து எழுதக்கூடாது."

"அக்கா, அது பொய்."

"அந்தக் கோட்டைக்காரனோட மருமகன் இன்னும் நம்ம டியூக்கோட சிறையிலதான் இருக்கான். தள்ளிவச்ச ஒருத்தருக்காக டியூக் அவனை விடுவாரா? மாலை போட்ட ஒருத்தன் போய்க் கேட்டாத்தான் விடுவார். இருபத்துநாலு பேர்ல நமக்காகக் கேக்க வேற எவன் இருக்கான்? நீதான் இருக்கே."

"அத்தான் உண்மையைச் சொன்னார்."

"சொல்லிட்டு எங்கே இருக்கார்?"

பலகைகளில் ஒன்று இறங்கிவிட்டது, மற்றது அங்கே இருந்தாக வேண்டும். அடுத்த சபையில் இவன் கதவுக்கு வெளியே போய் நிற்கும்போது உள்ளே எல்லோரும் இவனை வானளாவப் புகழ்வார்கள், இவன் உள்ளே வந்து அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒருவரிடம் அதைப் பார்த்துவிட்டேன். மறுபடியும் என் தம்பியைத்தான் குழியில் இறக்குகிறேன்.

ஒரு நாழிகை அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு கையை நீட்டினான். மைக்கூட்டைக் கொடுத்தேன். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினான். மர்த்தென் மதியத்துக்கு முன்பே கடிதத்தோடு கிளம்பிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இல்லையா என்று ஆன்ஸோ கேட்டான். இருக்கிறது. அவர் வீடு வந்து சேரட்டும், மிச்ச ஆயுள் முழுக்க வெட்கப்பட்டுக்கொள்கிறேன்.